முகாம் மூத்தோரிடம் நினைவுகளைக் கேட்கும் பிள்ளைகளுக்கு

மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய ஊர்களிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில், 1983 ஜூலைப் படுகொலைகளில் உயிர் தப்பிப் படகேறி வந்த மூத்தோர் இன்னும் வாழ்கிறார்கள். இங்கேயே பிறந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ, 1987 ஜூலை முதல் பிறந்தவரின் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்ற சட்டத்தால், பிறந்த மண்ணில் குடியுரிமை இல்லை. எனவே, ‘நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?’ என்று அவர்கள் கேட்பது வெறும் வரலாற்று ஆர்வத்தால் அன்று. மனநல ஆலோசகர் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது, அதைக் கேட்கும் விதம்தான்.

ஜூலை பிறந்தாலே சில முதியவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கதவடைத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த நாட்களில் கைப்பேசியை நீட்டி, “அம்மம்மா, அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்பதைப் போன்ற தவறான தொடக்கம் வேறில்லை. ஜூலை 24 அன்று கொழும்பில் மூண்ட வன்முறையில் சிங்களக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்ததும், வெலிக்கடைச் சிறையில் 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் நூல்களில் பதிவாகியுள்ளன. அவற்றை உறுதிசெய்ய அம்மம்மாவை விசாரிக்க வேண்டியதில்லை; அவர் 1983-ஐயும், மீண்டும் போர் மூண்டு பலர் படகேறிய 1990-ஐயும் குழப்பினாலும் இடைமறித்துத் திருத்த வேண்டியதில்லை.

ஒரு பேத்தி, ஊரில் சொதி எப்படி வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். தேங்காய்ப்பாலின் பதத்தில் தொடங்கிய பேச்சு, அடுப்படிக்குப் பின்னாலிருந்த கிணறு, மதிலுக்கு அப்பால் குடியிருந்த சிங்களக் குடும்பம் என்று நகர்ந்து, அந்த வீட்டுப் பெண் இவர்களை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தேடி வந்தவர்களிடம் வீட்டில் யாருமில்லை என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிய இரவு வரை தானாகவே வந்து சேர்ந்தது. பதிவு செய்யும் இளைஞர்கள் பலர் இத்தகைய பகுதியை வெட்டிவிடுகிறார்கள். அது கொலையாளிகளின் குற்றத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதியவர் அதைச் சொல்வது நன்றிக்கடனாக. அதை நீக்கினால் மிஞ்சுவது அவருடைய நினைவாகாது, நம்முடைய வசனமே.

மறதி நோய் கண்டவர்களிடம் கூடுதல் பொறுமை வேண்டும். அண்மைய நிகழ்வுகள் முதலில் அழிந்து, பழையவை நிலைப்பதால், அந்தி நேரத்தில் அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீதியில் நின்று பிள்ளைகளை ஒளியச் சொல்லக்கூடும். அப்போது வாதிடாமல், விளக்கைப் போட்டு, கையைப் பற்றிக்கொண்டு, “எல்லாரும் உள்ளே இருக்கிறோம்” என்று சொன்னால் போதும்.

பேசிய பின் இரண்டு மூன்று நாள் அமைதியின்மை இயல்பு. வாரக்கணக்கில் தூக்கமோ உணவோ இல்லையென்றால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தீவில் இன்னும் உறவினர் உள்ளவர்கள், பெயரும் முகமும் வெளியே தெரிவதை விரும்பாமல் இருக்கலாம். அதனால் யாருக்குக் காட்டலாம் என்பதைப் பதிவுக்கு முன்பும் பின்பும் கேளுங்கள். அழிக்கச் சொன்னால், அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.