பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சக்கரத்தை அளந்து பாருங்கள்

போன மாதம் கும்பகோணத்தில் என் அறைக்கு ஒரு தம்பி வந்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளைக் கற்றுக்கொண்டவர். மடிக்கணினியைத் திறந்து தான் செய்த கான்செப்ட் காரைக் காட்டினார். கறுப்பு பெயின்ட், மேலே மழைத்துளிகள், பின்னால் நீல விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. “இதை வைத்து வேலைக்கு அனுப்பலாமா சார்?” என்றார்.

பெயின்ட்டை எடுத்துவிடச் சொன்னேன். துளியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். மேற்பரப்பின் நெளிவைக் காட்டிக்கொடுக்கும் கறுப்பு வெள்ளை வரிக்குதிரைக் கோடுகள் மட்டும் மேலே ஓடும்படி வைத்துப் பார்த்தோம். கதவு வரைக்கும் சீராக வந்த கோடுகள் பின்சக்கர வளைவுக்கு மேலே போனதும் நெளிந்து, கசங்கிய துணி மாதிரி ஆகிவிட்டன. அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மூன்று மாத உழைப்பு அது.

காரணம் ஒரே ஒரு புள்ளி. அந்த இடத்தில் மெஷ்ஷின் (உருவத்தை ஆக்கும் கட்டங்களின் வலை) ஐந்து விளிம்புகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நாம் பயன்படுத்தும் சப்டிவிஷன் முறை, அதாவது கட்டங்களைப் பிரித்துப் பிரித்து வழவழப்பாக்கும் முறை, எட்வின் கேட்மல்லும் ஜிம் கிளார்க்கும் 1978-இல் வெளியிட்டது. அதில் நான்கு விளிம்புகள் சேரும் இடத்தில் வளைவு தடையில்லாமல் தொடரும். மூன்றோ ஐந்தோ சேர்ந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் தொடர்ச்சி குறைந்துவிடும். கறுப்பு பெயின்ட்டும் மழைத்துளியும் அதை மறைக்கும். தேர்வு செய்ய உட்காருகிறவரின் கண்ணுக்கு மறையாது. அந்தப் புள்ளியைக் கதவு இடுக்குக்கோ சக்கர வளைவின் உட்பக்கத்துக்கோ தள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இந்தச் சோதனை நம் ஊரில் எப்போதிருந்தோ இருக்கிறது. டிங்கர் பட்டறையில் பட்டி தேய்த்து, பிரைமர் அடித்த கதவை மேஸ்திரி ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பார். அப்புறம் கதவின் ஓரத்தில் கண்ணை வைத்து, அதில் தெரிகிற ட்யூப்லைட்டைப் பார்ப்பார். ட்யூப்லைட் நேராகத் தெரிந்தால் பெயின்ட்டுக்குப் போகும். நெளிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். மாடலிங் கற்கிறவர்கள் ஒரு வாரமாவது அப்படி ஒரு பட்டறையில் போய் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மேற்பரப்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கோளாறு அளவில் வருகிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகைத் தொடுவதற்கு முன்பே, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம்; உடம்பு முழுக்க அந்தத் தாளத்தில்தான் கணக்கு. காருக்குத் தாளம் சக்கரம். ஒரு சாதாரண செடான் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று சக்கரங்கள் அடங்கும். பழைய கார் ஒன்றின் பக்கவாட்டுப் படத்தை அச்செடுத்து, சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். அம்பாசிடர், பத்மினி, ஹெரால்ட் என்று பத்துக் கார்களை அளந்தால், கண்ணுக்கே அளவு பழகிவிடும்.

ஹெரால்ட் எனக்குப் பிடித்த கார். தொழிலுக்கு வந்த புதிதில் அதை முன்மாதிரியாக வைத்து ஒரு நிறுவனத்துக்கு கான்செப்ட் செய்துகொடுத்தேன். பின்பக்கத்துச் சிறு துடுப்பு, பேனல்கள் சேரும் கோடு எல்லாம் அப்படியே இருந்தன. அழகுக்காகக் கூரையை 12 செ.மீ. இறக்கியிருந்தேன். அவர்கள் உள்ளே ஓர் ஆள் உருவத்தை உட்கார வைத்துக் காட்டினார்கள். தலை கூரைக்கு வெளியே நின்றது. அந்த வேலை அதோடு போயிற்று.

கூரையை இறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 1970-இல் பெர்டோனே என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் காட்டிய ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ காரின் உயரமே சுமார் 84 செ.மீ.தான். ஆனால் அதில் ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட படுத்துக்கொள்கிறார். முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே போகிறார். அதை வடிவமைத்த மார்செல்லோ காந்தினி கூரையோடு சேர்த்து இருக்கையையும் வாசலையும் மாற்றினார். நான் கூரையை மட்டும் மாற்றினேன்.

ஹெரால்டின் அந்தப் பேனல் கோடுகளுக்கும் காரணம் உண்டு. அப்போது அதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்த நிறுவனம் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதனால் தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்க்கும்படி வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டியின் வடிவத்தில் 1959-இல் அந்தக் கார் வந்தது. பிறகு மெட்ராஸிலும் தயாரானது. லம்போர்கினியின் கவுன்டாக் காரும் அப்படித்தான். 1971-இல் காட்டிய முதல் கார் சுத்தமான வடிவம். எஞ்சின் சூடு தாங்கவில்லை என்றதும் காற்றுப்பெட்டிகள் முளைத்தன. இன்று அந்தப் பெட்டியைக் காரில் ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதற்குப் பின்னால் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது?

ரெண்டரிங்குக்கு, அதாவது மாடலை வெளிச்சம் போட்டுப் படமாக்கும் வேலைக்கு, வருவோம். காசு கொடுத்து வெளிநாட்டு ஸ்டுடியோ வெளிச்சம் வாங்காதீர்கள். காரின் பக்கவாட்டு வடிவத்தைச் சொல்வது அதில் தெரிகிற அடிவானம்தான்: மேலே வெளிச்சமான வானம், கீழே இருண்ட தரை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு சுத்தமாக விழ மலையோ கட்டடமோ குறுக்கே வரக் கூடாது. உலகத்துக் கார் புகைப்படக்காரர்கள் உப்புப் பாலைவனத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான். சம்பா அறுவடை முடிந்த வயல் நம்மிடம் இருக்கிறது. மாசியில், சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் ஏதாவது ஒரு வயல் நடுவில் முக்காலியை இடுப்பு உயரத்துக்கு வைத்து, சுற்றிலும் ஒவ்வொரு கோணத்திலும் ஐந்து விதமான வெளிச்ச அளவுகளில் படம் எடுங்கள். அவற்றை எச்டிஆர் படமாக, அதாவது இருட்டும் வெளிச்சமும் முழுதாகப் பதிந்த ஒரே படமாகச் சேர்த்தால் அதுவே உங்கள் ஸ்டுடியோ. மென்பொருளில் கேமராவை 50 முதல் 85 மி.மீ. லென்ஸில் வையுங்கள், அகல லென்ஸ் வைத்தால் முன்சக்கரம் பூதாகரமாகி, அளந்த அளவெல்லாம் வீணாகும்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வந்தார். கார் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே கோடுகள் நேராக ஓடின. இப்போது முன்கதவு கொஞ்சம் நெளிகிறது என்று அவரே சொன்னார்.