டேப்லெட்டுக்கு வாழைப்பழமும் விரல்தான்

"ஈரக் கையோடு தொட்டால் என் டேப்லெட் பேய் பிடித்த மாதிரி எதையெதையோ திறக்கிறது. மாமியார் தொட்டாலோ அசையவே மாட்டேன் என்கிறது. அவர் விரலில் சூடு போதவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கைராசிக்கும் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த வாழைப்பழத்தை ஈரம் துடைத்து, கையில் பிடித்துத் திரையில் இழுத்துப் பாருங்கள், பக்கம் நகரும். அடுப்பருகே சூடேறிக் கிடக்கும் மரக்கரண்டியால் தேயுங்கள், ஒன்றும் நடக்காது.

டேப்லெட் கனவு பழையது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1964-லேயே பேனாவால் எழுதும் பலகை ஒன்றைச் செய்துவிட்டது. 1972-ல் கணினி விஞ்ஞானி ஆலன் கே 'டைனாபுக்' என்று குழந்தைகளுக்கான கையடக்கக் கணினியை எழுத்தில் வடித்தார். அட்டையில் மாதிரி செய்ததோடு சரி. பிறகு 1989-ல் கிரிட்பேட், 1993-ல் ஆப்பிளின் நியூட்டன், 2002-ல் மைக்ரோசாஃப்டின் டேப்லெட் பிசி. எல்லாவற்றுக்கும் ஒரு குச்சி வேண்டும். குச்சி தொலைந்தால் கதை முடிந்தது.

அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகள் பலவற்றில் இருந்தது அழுத்தத் திரை. மின்சாரம் கடத்தும் இரண்டு படலங்கள், நடுவே மயிரிழை இடைவெளி. அழுத்தினால் மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொடும், தொட்ட இடம் தெரியும். நகம், பென்சில் எதுவும் போதும். 2011-ல் நம் அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டின் முதல் மாடலும் இந்த ரகம்தான். அதற்கு முந்தைய வருடமே ஐபேட் வந்து, குச்சியும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம் என்று ஆகியிருந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றுவாரே, கண்டென்சர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம், அதன் மேல் அதன் கொள்ளளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும். உங்கள் டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியிலும் அதே கண்டென்சர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 பிக்கோஃபாரட், அதாவது ஃபேன் கண்டென்சரில் 25 லட்சத்தில் ஒரு பங்கு. இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கொண்டு கிடையாகச் சில கோடுகள், நெடுக்காகச் சில கோடுகள் போடுகிறார்கள். அவை ஒன்றையொன்று தொடாமல் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு கண்டென்சர்.

சிப் ஒரு கிடைக்கோட்டில் மின்துடிப்பைத் தட்டிவிட்டு, நெடுக்குக் கோடுகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கேட்கிறது என்று காது கொடுக்கிறது. பிறகு அடுத்த கோடு, அதற்கடுத்தது. நொடிக்குப் பல பத்துத் தடவை திரை முழுவதையும் இப்படித் தட்டிப் பார்த்துவிடும். விரல் கிட்டே வந்தால்? நம் உடம்பு உப்புத்தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரம். நெடுக்குக் கோட்டுக்குப் போக வேண்டிய மின்துடிப்பில் கொஞ்சத்தை விரல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தச் சந்திப்பில் சத்தம் குறையும். தொட்டதற்கு அடையாளம் அந்தக் குறைவுதான்.

கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஆனால் படம் வரையும்போது கோடு வழுக்கிக்கொண்டுதானே போகிறது, எப்படி? விரல் தடிமனாக இருப்பதால். 10, 15, 20 மி.மீ. இடங்களில் மூன்று நெடுக்குக் கோடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்டதும் சத்தம் முறையே 20, 60, 40 என்று குறைகிறது. தராசில் எடை போடுவது போலச் சராசரி எடுத்தால் 15.8 மி.மீ. அந்த இடத்தில் கோடே கிடையாது! விரல் ஊசி போல இருந்திருந்தால் இந்தக் கணக்கு படுத்துவிடும். தடித்த விரல் குறை என்று நினைத்தோம். அதுதான் துல்லியத்தையே தருகிறது.

விரல் தொட்டால் அறியும் திரையைப் பற்றி 1965-ல் முதலில் எழுதியவர் இங்கிலாந்தின் மால்வெர்னில் அரசு ரேடார் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக யோசித்தார். 1970-களில் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் தன் துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காகக் கண்ணாடி வழியே தெரியும் திரையைச் செய்தது. இரண்டுமே மக்கள் வரிப்பணம். டேப்லெட் செய்யச் சொல்லி யாரும் நிதி ஒதுக்கவில்லை. 'இதனால் என்ன லாபம்' என்று ஆய்வுக்கூடங்களை முதல் வருடமே கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஆகாஷ் நாட்களில் நம் ஊரில் பேச்சு முழுக்க விலையைச் சுற்றியே ஓடியது. அந்தக் கண்ணாடியை இங்கே செய்து பழகுவோம் என்ற குரல் என் காதில் அதிகம் விழவில்லை.

சரி, ஈரக் கை. திரையில் தனியாகக் கிடக்கும் நீர்த்துளி விரலுக்கு நேர்மாறு. அது எதையும் உடம்புக்கு இழுத்துப் போகாது; இரண்டு கோடுகளுக்கும் பாலம் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடும். நல்ல சிப் இதை வைத்தே 'இது தண்ணீர்' என்று ஒதுக்கிவிடும். ஆனால் அந்த ஈரத்தின் மேலேயே விரலை வைத்தால், தண்ணீர் பரவிய இடமெல்லாம் உங்கள் விரலாகிவிடுகிறது. ஓர் ஆள் கோணல்மாணலாகப் பத்து விரல் வைத்தது போலச் சிப்புக்குத் தோன்றும். மட்டமான சார்ஜரில் போட்டிருக்கும்போதும் இதே கூத்து நடக்கலாம். அதன் மின் இரைச்சல் இந்தச் சின்னச் சத்தத்தை மூழ்கடித்துவிடும்.

மாமியார் விஷயம் இதைவிட எளிது. வேலை செய்து காய்ப்புக் காய்ந்த தோல் தடிமன். உள்ளே இருக்கும் ஈரச்சதை கண்ணாடியிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது. திரை கேட்கவில்லையே என்று அவர் நகத்தால் இன்னும் ஓங்கிக் குத்துவார். நகம் மரக்கரண்டிக்குச் சமம். ரேஷன் கடையில் ரேகை வைப்பது போல விரலின் சதைப்பக்கத்தைப் படிய வைக்கச் சொல்லுங்கள். அழுத்தவே வேண்டாம்.