வீஜீஏ காட் எனப்படும் வரைவியல் அட்டை: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்புத் திருமலை வீதியிலோ கல்முனைப் பிரதான வீதியிலோ உள்ள ஒரு கணினிக் கடையில், திரையில் தெரியும் படத்தைக் கணித்து அனுப்பும் அட்டையை 'கிறாபிக்ஸ் காட்' என்று கேட்டாலும் விளங்கிக்கொள்வார்கள். ஆயினும் பேச்சில் பெரிதும் புழங்கும் பெயர் 'வீஜீஏ' என்பதேயாகும். "தம்பி, எத்தனை ஜீபீ வீஜீஏ வேணும்?" என்ற கேள்விதான் முதலில் வரும். வழக்கிழந்த நியமம் (ஸ்டாண்டர்ட்) ஒன்றின் பெயரும், அட்டையின் தகுதியை அளப்பதற்குப் போதாத ஓர் அளவும் இச்சிறு கேள்விக்குள் சேர்ந்து கிடக்கின்றன. இனி வரப்போகும் விளையாட்டு மென்பொருள்களுக்கு இசைவான அட்டையைத் தெரிவுசெய்ய எண்ணுபவர், இச்சொற்களை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீஜீஏ என்பது 'வீடியோ கிறாபிக்ஸ் அறே' என விரியும் முதலெழுத்துச் சுருக்கம். ஐபிஎம் நிறுவனம் 1987இல் தனது பீஎஸ்/2 வரிசைக் கணினிகளோடு வெளியிட்ட காட்சி நியமம் அது. 640க்கு 480 படப்புள்ளிகளை 16 நிறங்களிலும், 320க்கு 200 படப்புள்ளிகளை 256 நிறங்களிலும் காட்டுவது அதன் எல்லை. முன்னைய நியமங்களில் பல சில்லுகள் பகிர்ந்து செய்த வேலையை ஒரே சில்லினுள் நிரையாக அமைந்த தருக்கப் படலைகள் ஏற்றுக்கொண்டமையால், நிரை என்னும் பொருளுடைய 'அறே' பெயரில் இடம்பெற்றது. பீஎஸ்/2 கணினிகளில் அது தாய்ப்பலகையிலேயே பதிந்திருந்த சில்லு என்பதால், 'வீஜீஏ காட்' என்ற நம்முடைய தொடர் தொடக்கத்திலிருந்தே சற்றுக் கோணலானதுதான். கணினியின் முதுகில் இருந்த நீலநிறப் பதினைந்து ஊசிச் செருகி இந்தப் பெயரை நெடுங்காலம் காப்பாற்றி வைத்தது. 2016இல் வெளிவந்த ஜீபோர்ஸ் 10 வரிசையோடு என்விடியா நிறுவனம் அந்த அனலொக் வெளியீட்டை நீக்கிவிட்டது. ஆகவே இன்று 'வீஜீஏ' என்று கேட்டு வாங்கும் புதிய அட்டையை, வீஜீஏ செருகி மட்டுமே உள்ள பழைய திரையில் மாற்றி ஒன்று இல்லாமல் பொருத்த முடியாது.

'கிறாபிக்ஸ்' என்பதன் வேர், கீறுதல், எழுதுதல், வரைதல் ஆகிய மூன்றையும் குறித்த கிரேக்க வினைச்சொல். தமிழிலும் இந்த எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன: பழந்தமிழில் 'எழுதுதல்' ஓவியம் தீட்டுவதையும் குறித்தது, 'வரைதல்' இன்றும் கடிதம் வரைவதற்கும் படம் வரைவதற்கும் பொதுவாக நிற்கிறது. எனவே 'வரை' என்ற அடியிலிருந்து பிறந்த 'வரைவியல்', 'வரைகலை' ஆகிய இரண்டுமே மூலச்சொல்லுக்கு நெருக்கமானவை. தமிழ்நாட்டு வழக்கில் 'வரைகலை' பரவியுள்ளது. எண்களைக் கணித்துப் படமாக்கும் பொறியின் வேலையைக் 'கலை' என்பதைவிட 'இயல்' என்பது சரியாகச் சுட்டுவதால், நான் 'வரைவியல்' என்பதையே கொள்கிறேன்.

'காட்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. பப்பிரசுத் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'காட்' ஆயிற்று. அதே கிரேக்கச் சொல் அரபு வழியாகப் போர்த்துக்கேய மொழிக்குச் சென்று, அங்கிருந்து தமிழுக்கு வந்து 'கடதாசி' ஆயிற்று. வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் பெயரில் உள்ள சொல்லும் கணினிக்குள் செருகும் 'காட்'டும் இவ்வாறு ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அதற்காக 'வரைவியல் கடதாசி' என்று எவரும் சொல்லப்போவதில்லை. அடையாள அட்டை என்ற வழக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட நாட்டில் 'அட்டை' என்பதே இயல்பானது. ஆக, வரைவியல் அட்டை.

அட்டையின் நடுவில் உள்ள சில்லை, 'கிறாபிக்ஸ் புறொசெசிங் யுனிட்' என்பதன் சுருக்கமாக, 'ஜீபீயூ' என்கிறார்கள். 1999இல் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256ஐ உலகின் முதலாவது ஜீபீயூ என்று என்விடியா விளம்பரப்படுத்தியது. எனினும் 1994இல் வந்த பிளேஸ்டேஷனின் வரைவியற் சில்லுக்குச் சொனி அப்பெயரை முன்னரே வழங்கியிருந்தது. நம்முடைய பாடநூல்களில் 'முறைவழியாக்கி' என்ற சொல் பயின்றுவருவதால், 'வரைவியல் முறைவழியாக்கி' என்பது மாணவர்க்குத் தடையின்றி விளங்கும். கலைச்சொல்லாக்கம் கிழக்கிலங்கைக்குப் புதிய தொழில் அன்று: 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர், இன்றைய அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் பிறந்தவர்.

இனி நியமம். கணிதத்தில் 'நியம விலகல்' என்று நாம் படித்ததைத் தமிழ்நாட்டார் 'திட்ட விலக்கம்' என்பர். பொருட்களின் தரச் சான்றிதழில் அதே கருத்துக்குக் 'கட்டளை' என்ற சொல் இலங்கையில் வழங்குகிறது. விளையாட்டு மென்பொருளைப் பொறுத்தவரை நியமம் என்பது, விளையாட்டை எழுதுபவரும் அட்டையை ஆக்குபவரும் ஒருவரையொருவர் அறியாமலே உடன்படுவதற்குரிய பொது இடைமுகம். அத்தகைய இடைமுகங்களுள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டிரெக்ட்எக்ஸ் 1995இல் தோன்றியது; அதன் 12ஆம் பதிப்பு 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்தது. குரோனொஸ் குழுமத்தின் வல்கன் 2016இல் வெளியாகி, 2024 டிசம்பரில் 1.4ஆம் பதிப்பை அடைந்தது.

'கொம்பாட்டிபிள்' என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குச் 'சேர்ந்து துன்புறுதல்' என்பது பொருள். பொருந்தாத அட்டையை வாங்கியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். தமிழில் 'இசைவு' போதும். ஆனால் இசைவு என்பது ஒரே பொருளன்று. அட்டை வாங்குபவர்கள் ஏமாறுவதும் இவ்விடத்திலேதான். பெட்டியின் மேல் 'டிரெக்ட்எக்ஸ் 12' என்று அச்சிட்டிருப்பது, அந்த இடைமுகத்தின் வழியே வரும் ஆணைகளை அட்டையின் மென்பொருள் வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டுமே சொல்கிறது. அவ்வாணைகளில் எவற்றை அட்டையின் வன்பொருள் உண்மையில் நிறைவேற்ற வல்லது என்பது வேறு கணக்கு. அதற்கு மைக்ரோசொப்ட் வழங்கும் 'பீச்சர் லெவல்' என்ற பெயரை 'வசதி நிலை' என்று பெயர்த்தால் விளம்பரச் சொல்போல ஆகிவிடும். 'முடியும்' என்பதைக் குறிக்க நம் பேச்சிலும் எழுத்திலும் நன்கு பழகிய 'இயலுமை' இருக்கிறது. எனவே 'இயலுமை மட்டம்' என்கிறேன். ஆணையை வாங்கிக்கொள்வது ஆதரவு, அதை நிறைவேற்ற வல்லதாயிருப்பது இயலுமை.

டிரெக்ட்எக்ஸ் 12 கேட்கும் மிகக் குறைந்த இயலுமை மட்டம் 11_0 மாத்திரமே. ஆகவே 2014இல் வந்த என்விடியாவின் ஜீடிஎக்ஸ் 750 டீஐ 11_0 மட்டத்திலும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 12_0 மட்டத்திலும், ஜீடிஎக்ஸ் 1060, ஜீடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 5700 ஆகியவை 12_1 மட்டத்திலும் நின்றுகொண்டே, எல்லாம் 'டிரெக்ட்எக்ஸ் 12' என்ற ஒரே முத்திரையைத் தாங்குகின்றன. 2020 மார்ச்சில் மைக்ரோசொப்ட் அறிவித்த 'டிரெக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்' என்பது 12_2 மட்டத்துக்கு இட்ட வணிகப் பெயர். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசை, இன்டெலின் ஆர்க் ஆகியவையும் அவற்றுக்குப் பின் வந்தவையும் அந்த மட்டத்தை எட்டியவை.

இந்த மட்டம் நான்கு இயலுமைகளைக் கேட்கிறது. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று பின்தொடர்ந்து கணிப்பது கதிர்த் தடமறிதல். 'மெஷ்' என்பது மீன்வலையின் கண்ணைக் குறிக்கும் சொல். வாவியில் விரித்த வலையின் கண்கள்போல முக்கோணங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பதாலேயே முப்பரிமாண உருவத்தின் மேற்பரப்புக்கு அப்பெயர் வந்தது. அம்முக்கோணங்களைச் சிறு தொகுதிகளாக எடுத்து, திரையில் தெரியாதவற்றை முற்கூட்டியே கழித்துவிடும் நிரலை 'வலைக்கண் நிரல்' எனலாம். மூலத்தில் அது 'மெஷ் ஷேடர்'. 'ஷேடர்' என்ற சொல் இன்றைய பொருளில் பிக்சார் நிறுவனத்தின் 1988ஆம் ஆண்டு ரெண்டர்மேன் வரையறையால் பரவியது. அன்று நிழலையும் நிறத்தையும் கணித்த அந்த நிரல் இன்று எதையும் கணிக்கிறது என்பதால் 'நிழற்றி' என்ற பெயர்ப்பு ஒட்டவில்லை. 'தீட்டுநிரல்' என்று முன்மொழிய விருப்பம்தான். தீட்டு என்பதன் மற்றப் பொருளை நினைத்து ஆட்கள் சிரிப்பார்களே என்று தயங்குகிறேன். எஞ்சிய இரண்டில் ஒன்று, கண் கூர்ந்து நோக்காத பகுதிகளை குறைந்த நுணுக்கத்தில் வரையும் மாறுவீத நிறமூட்டல். மற்றது, மேற்பரப்புப் படத்தின் எந்தப் பகுதி உண்மையில் பயன்பட்டது என்பதைக் குறித்துவைத்து, தேவையான துண்டை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவர உதவும் பின்னூட்டம்.

இவை எதிர்காலத்துக்குரியவை என்று தள்ளிவைக்கும் காலம் போய்விட்டது. 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் ஆகிய விளையாட்டுப் பொறிகள் இதே மட்டத்து வன்பொருளோடு வந்தன. பெரிய விளையாட்டுகள் முதலில் இத்தகைய பொறிகளை எண்ணியே ஆக்கப்படுவதால், அவற்றின் அடிமட்டமே நாளடைவில் கணினியின் அடிமட்டமாகிறது. 2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த கிறேட் சேர்க்கிள்', 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டும் கதிர்த் தடமறியும் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. இவ்விரண்டும் டிரெக்ட்எக்ஸை விடுத்து வல்கனைப் பயன்படுத்துபவை என்பது கவனிக்கத் தக்கது: இடைமுகத்தின் பெயர் மாறினாலும் கேட்கப்படும் இயலுமை மாறுவதில்லை. இது முன்னரும் நடந்ததுதான். 2004இல் வந்த ரேடியன் எக்ஸ்800 அட்டை வேகத்தில் என்விடியாவின் ஜீபோர்ஸ் 6800க்கு இளைத்ததன்று. ஆனால் ஷேடர் நிரல்களுக்கான அன்றைய இயலுமை மட்டமாகிய ஷேடர் மொடல் 3.0 அதனிடம் இல்லாமையால், 2007 அளவில் அதைக் கட்டாயமாக்கிய விளையாட்டுகளை அதில் திறக்கவே முடியாமற் போயிற்று.

தன் கணினியின் மட்டத்தை அறிய விரும்புபவர் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, 'டிஎக்ஸ்டயக்' என்ற ஆணையை ஆங்கில எழுத்தில் இடலாம். முதற்பக்கத்தில் தெரியும் 'டிரெக்ட்எக்ஸ் 12' விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையில் உள்ள பதிப்பேயன்றி அட்டையின் தகுதியன்று. திரைக்குரிய பக்கத்தில் 12_2, 12_1 என நிரையாக வரும் எண்களில் முதலாவதே அட்டையின் இயலுமை மட்டம்.

இனி அந்த 'எத்தனை ஜீபீ'. அது அட்டையிலுள்ள நினைவகத்தின் அளவு மட்டுமே. மெதுவான டீடீஆர்3 வகை நினைவகம் 4 ஜீபீயோடு விற்கப்படும் ஜீடி 730 ஒன்று, வேகமான ஜீடீடீஆர்5 வகை 2 ஜீபீ உள்ள ஜீடிஎக்ஸ் 1050இன் அருகில்கூட வராது. மட்டமும் வேகமும் ஒத்த இரு அட்டைகளுக்கிடையே தெரிவுசெய்யும்போது நினைவகத்தின் அளவு பொருட்படுத்தத் தக்கது; அப்போது 8 ஜீபீக்குக் கீழே இறங்காதிருப்பது நன்று.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மேசைக் கணினியை வாங்கி அதில் அட்டை பொருத்துபவர்களுக்கு இசைவு என்பதில் இன்னுமொரு படி உண்டு. தாய்ப்பலகையின் செருகுவாய் தரக்கூடிய மின்வலு 75 வாற்று. அதற்கு மேல் வேண்டுமாயின் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும், அத்தகைய கணினிகள் பலவற்றில் அக்கம்பி இராது. 132 வாற்று கேட்கும் ஆர்எக்ஸ் 6600 அங்கு உதவாது. 2024இல் வந்த 6 ஜீபீ ஆர்டிஎக்ஸ் 3050 ஏறக்குறைய 70 வாற்றில் இயங்கிக்கொண்டு 12_2 மட்டத்தையும் எட்டுவதால், நினைவகத்தில் 2 ஜீபீ குறைந்தாலும், இந்த நிலையில் உள்ளவர்க்கு நான் சொல்லக்கூடியது அதுவே. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அதே மட்டத்ததாயினும் செருகுவாயின் தரவுப் பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பீசீஐ எக்ஸ்பிரஸ் 3.0 செருகுவாயுள்ள பலகையில் தரவு செல்லும் வேகம் பாதியாகிவிடும். இன்டெல் ஆர்க் அட்டைகளோ, அட்டையின் நினைவகம் முழுவதையும் கணினியின் மைய முறைவழியாக்கி ஒரேயடியாக அணுகவிடும் 'ரீசைசபிள் பார்' என்ற வசதியில்லாத பலகைகளில் தம் முழு வேகத்தைக் காட்டமாட்டா.

கடைசிச் சொல் 'டிரைவர்'. பேருந்தின் டிரைவருக்குச் 'சாரதி' என்ற சொல் நம்மிடம் இருந்தாலும், வன்பொருளை இயக்கும் மென்பொருளுக்குச் 'செலுத்தி' என்பதே பொருந்தும். ஆதரவு என்று முன்னர் கூறியது முழுவதும் இந்தச் செலுத்தியின் வழியேதான் கிடைக்கிறது. அதற்குக் காலாவதி உண்டு. ஜீடிஎக்ஸ் 900 வரிசைக்கும் 10 வரிசைக்கும் புதிய விளையாட்டுகளுக்கான செலுத்திகளை 2025 ஒக்டோபரோடு நிறுத்தி, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வழங்குவதாக என்விடியா அறிவித்தது. வளைகுடாவிலிருந்து திரும்பும் உறவினர் கொண்டுவந்தாலும், கடையில் பாவித்த பொருளாக வாங்கினாலும், 11 ஜீபீ நினைவகமுள்ள ஜீடிஎக்ஸ் 1080 டீஐ இன்றும் வேகமான அட்டைதான். ஆயினும் அதன் இயலுமை மட்டம் 12_1, விளையாட்டுச் செலுத்தியோ நின்றுவிட்டது. அதைவிட வேகமும் நினைவகமும் குறைந்த ஆர்டிஎக்ஸ் 2060, மேலே பெயர் சொன்ன இரண்டு விளையாட்டுகளையும் திறக்கும்.