நுவரெலியாவில் -40 பாகை

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறீர்கள். என்ஜின் வெப்பநிலை -40 பாகை செல்சியஸ் என்று காட்டுகிறது. நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிவது உண்டுதான். அதற்காக -40 வரைக்கும் போக வழியே இல்லை. என்ஜினின் சூட்டை அளக்கும் சென்சரிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை என்பதைத்தான் கணினி இப்படிச் சொல்கிறது. உடனே "சென்சர் போயிட்டுது, புதுசு போடணும்" என்ற பேச்சு எழும். கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் சென்சர் நன்றாகத்தான் இருக்கும், வயரில்தான் கோளாறு.

என்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சென்சருக்குள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பொதுவாக 20 பாகையில் 2,500 ஓம் அளவில் இருப்பது 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஈசியு எனப்படும் என்ஜின் கணினி, தன்னுள்ளே இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக 5 வோல்ட்டைச் சென்சருக்கு அனுப்பி, சென்சர் பக்கம் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. அந்த உள்தடையும் 2,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 2.5 வோல்ட் நிற்கும், சூடானதும் அரை வோல்ட்தான். வயர் அறுந்தால் மின்னோட்டமே இல்லை, முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசியுவின் கணக்கில் அது தாங்க முடியாத குளிர். அதனால்தான் -40. பி0118 என்ற பழுதுக் குறியீடும் கூடவே வரும். இரண்டு வயரும் ஒன்றோடொன்று உரசினால் வோல்ட் பூச்சியமாகும். அப்போது 130, 140 பாகை என்று காட்டி பி0117 எழும்.

வயர் முழுதாக அறுவதற்கு முந்திய நாட்கள்தான் உண்மையில் தொல்லை. பனிமூட்டமும் மழையும் மாறிமாறி வரும் ஹப்புத்தளை, நானுஓயாப் பக்கம், வயரைச் சென்சரோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்னின் அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும், செம்பு அரிக்கும் அடையாளம் அது. அந்தப் பொடியால் 2,000 ஓம் தடை கூடியது என்று வையுங்கள். என்ஜின் 80 பாகைச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும், ஈசியுவோ மொத்தம் 2,300 ஓமைப் பார்த்துவிட்டு, 22 பாகை அளவில்தான் இருக்கிறது என்று நம்பும். குளிர்ந்த என்ஜினுக்கு ஊற்றுவதுபோல் பெட்ரோலை அள்ளி ஊற்றும். புகை கறுக்கும், செலவு ஏறும். 22 பாகை நடக்கக்கூடிய எண் என்பதால் எச்சரிக்கை விளக்கும் உடனே எரியாது.

முழுதாக அறுந்த பிறகு, பெரும்பாலான வாகனங்களில் ஈசியு ஒரு கற்பனை வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, ரேடியேட்டர் விசிறியை நிறுத்தாமல் ஓட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஓட்டுநருக்கு உண்மையான சூடு தெரியாமல் போய்விடுகிறது. கினிகத்தேனை ஏற்றத்திலும் இறம்பொடை வளைவுகளிலும் ஆள் நிறைந்த வேன் முதலாம், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, அந்தத் தகவல் இல்லாமல் போவது ஆபத்து. போதாததற்கு, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நம் வாகனங்கள் தப்புகின்றன. மூடி தளர்ந்து, கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரும் ஊற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கனெக்டரைக் கழற்றுங்கள். வயர் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட் வந்தால் ஈசியு தன் வேலையைச் செய்கிறது. அப்புறம் அந்த இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். -40 சட்டென்று 130, 140க்குத் தாவினால் வயர் முழுக்கச் சரி, குற்றவாளி சென்சரோ கனெக்டரோதான். அசையாமல் நின்றால் பெரும்பாலும் வயரில்தான் கோளாறு. எலி கடித்த இடத்தையும் என்ஜின் அதிர்வில் வயர் உரசும் வளைவுகளையும் தேடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்தச் சோதனை இரண்டு பின் சென்சருக்கு மட்டுமே. மூன்று பின் உள்ளவற்றில் கண்டபடி இணைத்தால் ஈசியு பழுதாகலாம்.

ஸ்கேனரில் 85 பாகை சரியாக வருகிறது, டேஷ்போர்டு முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கதை வேறு. பல புது வாகனங்களில் சென்சர் ஈசியுவிடம் மட்டும்தான் பேசும். அங்கிருந்து டேஷ்போர்டுக்குச் செய்தி போவது போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பாதையில், அதாவது வாகனக் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறுக்கிய இரட்டை வயரில். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் பிளக்கின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் பெரும்பாலும் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் பாதையின் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. அங்கே சென்சரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

பழுதைச் சரிசெய்தபின், வாகனத்தை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஓடவிட்டால், எண் தடங்கலின்றி ஏறி, கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் 80, 90 பாகைப் பக்கம் நிற்க வேண்டும். இடையில் தாவினாலோ விழுந்தாலோ கூலன்ட் அளவைப் பாருங்கள், ஆனால் என்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சரின் மூக்கு வெறும் காற்றில் தொங்கினால், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்போதுகூட அது குறைவான சூட்டையே காட்டும்.