எஸ்எஸ்டி மாற்றிய பிறகு லேப்டாப் ஹேங் ஆகிறதா? தயவுசெய்து ஃபார்மட் போடாதீர்கள்

திருமங்கலம் பக்கம் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து அடிக்கடி ஹேங். போட்ட கடையில் "வைரஸ்" என்று சொல்லி ஃபார்மட் அடித்திருக்கிறார்கள். நிற்கவில்லை. அடுத்த கடையில் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். அப்போதும் நிற்கவில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பத்திர நகல்கள் அந்த ஃபார்மட்டில் போய்விட்டன. பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டால், "எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிட்டாங்க தம்பி" என்கிறார்.

நான் மாற்றியது ஒரே ஒரு பவர் செட்டிங். இப்போது நன்றாக ஓடுகிறது. போன டேட்டாதான் திரும்பவில்லை.

இந்தக் கோளாறைப் பார்த்தாலே தெரியும். மவுஸ் அம்பு நகரும், ஆனால் கிளிக் எதுவும் எடுக்காது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு கொஞ்ச நேரம் ஓடும். டிஸ்க் விளக்கு இருந்தால் சிமிட்டாமல் எரியும். டாஸ்க் மேனேஜர் திறந்திருந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், வேகம் மட்டும் 0 கேபி. அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ கழித்து, அதுவரை தட்டிய கிளிக் எல்லாம் மொத்தமாக நடக்கும். மும்முரமாக வேலை ஓடும்போது பெரும்பாலும் வராது. சும்மா வைத்துவிட்டு மறுபடி தொடும்போதுதான் வரும். வைரஸ் நீங்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து தாக்காது.

கரண்ட் மிச்சம் பிடிக்க விண்டோஸ் டிஸ்க்குக்குப் போகும் இணைப்பைத் தூங்க வைக்கிறது. சில எஸ்எஸ்டியும் சில மதர்போர்டும் சேர்ந்தால் அந்தத் தூக்கத்திலிருந்து நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இனி ஃபார்மட்டுக்கு வருவோம், ஏனென்றால் என் கோபமெல்லாம் அதன்மேல்தான். புதிதாக விண்டோஸ் போட்டால் எந்த பவர் பிளான் வரும்? விண்டோஸ் தானாக வைக்கும் அதே பேலன்ஸ்டு. அதற்குள் எந்த செட்டிங் இருக்கும்? அதே செட்டிங். பத்து தடவை ஃபார்மட் போட்டாலும் பத்து தடவையும் அதே கோளாறைத்தான் கையோடு சேர்த்துப் போடுகிறீர்கள். டேட்டா போகும், டிரைவர் போகும், தமிழ் ஃபான்ட் போகும், ஹேங் மட்டும் போகாது. பேட்டரி கதையும் இதேதான். "சார்ஜர் மாட்டினா ஓடுது, கழட்டினா தொங்குது" என்றதும் பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் கூடுதலாக மிச்சம் பிடிக்கும், அதனால்தான் அப்போது அதிகம் தொங்குகிறது. பேட்டரி பாவம், அதன்மேல் குற்றமில்லை.

"அப்போ எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா?" என்று கேட்பார்கள். அப்படியும் இல்லை. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில், என்விஎம்இ டிஸ்க் (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான வகை எஸ்எஸ்டி) தானாகத் தூங்கும் வசதி 2017-இல் 4.11 கெர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், வந்தது. பெயர் பெற்ற கம்பெனிகளின் சில டிஸ்க்குகளே சில லேப்டாப்களில் தொங்கியதால், அவற்றுக்கு மட்டும் கெர்னலுக்குள்ளேயே விலக்கு எழுத வேண்டியிருந்தது.

முதலில், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய்ப் பாருங்கள். தொங்கிய நேரத்தில் 129 என்ற எண்ணோடு, டிஸ்க்கை ரீசெட் செய்ததாக ஒரு எச்சரிக்கை இருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம்தான். 7 என்ற எண்ணில் பேட் பிளாக் என்று இருந்தால் கதை வேறு, டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. வேறெதையும் தொடாமல் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

129 என்றால் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறங்கள். எம்.2 என்விஎம்இ டிஸ்க் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ், லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் ஆஃப் செய்யுங்கள். சாட்டா டிஸ்க் (பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டுவது) என்றால் மாற்ற வேண்டியது ஏஹெச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட். அது மறைந்திருக்கும், கமாண்ட் விண்டோவில் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளை கொடுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். வந்ததும் ஆக்டிவ் என்று வையுங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய லேப்டாப்புக்கு இப்போது எஸ்எஸ்டி போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த சாட்டா செட்டிங்கைத்தான். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் மென்பொருள்), எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட். பேக்கப் எடுத்துவிட்டு, தயாரித்த கம்பெனியின் டூலிலிருந்து மட்டும் செய்யுங்கள். பேட்டரி நிற்காத லேப்டாப்பில், கரண்ட் போய்வரும் நேரத்தில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் தொங்கினால் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள்.

தொங்கியதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறீர்களே, அதை முதலில் விடுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், அதுவே திரும்ப வரும். பாதியில் அணைத்தால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுப்போகலாம்.

நம்ம ஊர்ச் சர்வீஸ் நண்பர்களுக்கு: எஸ்எஸ்டி போட்டவுடன் சார்ஜரைக் கழற்றி, அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, திரும்ப ஒரு ஃபைல் திறந்து பார்த்த பிறகு கஸ்டமர் கையில் கொடுங்கள். பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்ச் கேட்காதீர்கள். ஒரு மாதமாவது அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.