ஐந்து கேள்விகளில் அடங்காத பால்யம்

"வளர்ந்த காலத்தில் என்மீது அன்பு காட்டினார்கள் என்று உணர்ந்தேன்." இந்த வாக்கியத்துக்கு எதிரே 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி ஐந்து பதில்கள். ஒன்றைத் தொட வேண்டும். பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் யூகே பயோபேங்க் ஆய்வில் 2016, 2017 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,57,000 பேர் இணையம் வழியாக இதற்குப் பதில் சொன்னார்கள். இதோடு இன்னும் நான்கு கேள்விகள்: வீட்டில் காயமோ தழும்போ உண்டாகும்படி அடித்தார்களா, குடும்பத்தில் யாரோ தன்னை வெறுப்பதாகத் தோன்றியதா, பாலியல் சீண்டல் நடந்ததா, உடம்புக்கு முடியாதபோது மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இருந்ததா. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய மொத்தப் பால்யமும் இந்த ஐந்து வரிக்குள் சுருங்கி, சிறுவயதுக் கொடுமைக்கான ஒரு மதிப்பெண்ணாகிவிடுகிறது. அதை வைத்துத்தான் பின்னாளைய மனநோயோடு தொடர்பு தேடுகிறார்கள், இனவாரியாகவும் ஒப்பிடுகிறார்கள்.

மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு. சான் டியாகோவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை தந்துவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டிக்கு ஒரு விஷயம் புரியவில்லை. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? விசாரித்தபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டார். கொடுமை, குடும்பச் சீர்குலைவு இவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு கூடுதலாக இருந்தது.

எப்போதோ பட்ட அடி இத்தனை வருடம் கழித்து எப்படி வேலை செய்கிறது? ஆபத்து வந்தால் மூளை, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அளவு கூடியதும் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து "போதும், நிறுத்து" என்கின்றன. ஆபத்து வெளியிலிருந்து வராமல் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால், வளரும் மூளை அந்த வீட்டுக்கு ஏற்றபடி தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கதவு திறக்கும் சத்தத்திலேயே வருபவரின் மனநிலையைக் கணிக்கக் கற்ற குழந்தைக்கு அது அன்று உயிர்காக்கும் திறமை. நாற்பது வயதில், மேலதிகாரி முகம் சுளித்தால் அதே எச்சரிக்கை மணி அடிக்கிறது. கனடாவின் கியூபெக்கில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டவர்களிடம் அந்த 'போதும்' ஏற்பிக்கான மரபணுவின் செயல்பாடு குறைந்திருந்தது. பார்த்தது 36 மூளைகள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த அமைப்பு எல்லா மனிதர்களுக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் சிறுவயதுக் கொடுமையையும் மனநோயையும் இனவாரியாக ஒப்பிடும்போது எண்கள் மாறுகின்றன?

இங்கே இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஒரு பாதிப்பு ஒரு சமூகத்தில் எத்தனை பேருக்கு நேர்கிறது என்பது ஒன்று. நேர்ந்தபின் அது எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பது வேறு. தீவிர மனநோய்க்கான காரணங்களைத் தேடி இங்கிலாந்தில் நடந்த ஈசாப் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. பதினாறு வயதுக்குள் பெற்றோரில் ஒருவரைப் பிரிந்தவர்களுக்குத் தீவிர மனநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடியிருந்தது. வெள்ளையர்களுக்கும் கரீபியக் கறுப்பினத்தவர்களுக்கும் இந்தப் பாதிப்பின் வலு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பிரிவு என்பது கரீபியக் குடும்பங்களில் அதிகம் நிகழ்ந்திருந்தது. இதைப் படித்துவிட்டு 'அந்த இனத்துக்கே மனம் பலவீனம்' என்று சொல்பவர் புள்ளிவிவரத்தையும் படிக்கவில்லை, குடியேற்ற வரலாற்றையும் படிக்கவில்லை. அதே ஆய்வில் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படியே பொருந்தவில்லை. 'கறுப்பினத்தவர்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் இருவரையும் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

யூகே பயோபேங்கில் சேர்ந்த ஐந்து லட்சம் பேரில் சுமார் 95 சதவீதத்தினர் வெள்ளையர். மிச்சமுள்ள சிறு குழுக்களை இன்னும் பிரிக்கும்போது எண்கள் ஆட்டம் காண்கின்றன. வந்து சேர்ந்தவர்களும் பொதுமக்களைவிட ஓரளவு வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது கேள்விகள்தான். அன்பை வாய்விட்டுச் சொல்லாத குடும்பத்தில் வளர்ந்தவர் அந்த முதல் வரிக்கு என்ன பதில் தருவார்? மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் அது புறக்கணிப்பா, இரவுப்பணியில் இருந்த பெற்றோரா? தெருவில் இனப்பெயர் சொல்லித் துரத்தப்பட்டதை எழுத அந்த ஐந்தில் இடமே இல்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பின்னாளில் இனப்பாகுபாடு, அக்கம்பக்க வன்முறை, சகமாணவர் கொடுமை இவற்றையும் பட்டியலில் சேர்த்துக் கேட்டது இதனால்தான்.

அடி வழக்கமாக இருக்கும் இடத்தில் அது வலிக்காது என்ற வாதத்தையும் சோதித்திருக்கிறார்கள். சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, 'எல்லா வீட்டிலும் இப்படித்தான்' என்று நம்பும் குழந்தைகளிடம் பாதிப்பு சற்றுக் குறைவு. குறைவு, அவ்வளவே. ஆறு நாடுகளிலும் அடி கூடியபோது பதற்றமும் மூர்க்கமும் கூடியே இருந்தன.

கடைசியாக, என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த ஒரு முடிவு. அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவுகளின்படி சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களையும் மற்றவர்களையும் சேர்த்து 1,196 பேரை வளர்ந்தபின் பேட்டி கண்டார்கள். 2020இல் வெளிவந்த அலசலில், 'எனக்குக் கொடுமை நடந்தது' என்று தாங்களே சொன்னவர்களுக்கு, பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனநோய் வாய்ப்பு கூடுதல். பதிவு இருந்தும் அப்படிச் சொல்லாதவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு பெரிதாகத் தெரியவில்லை. நடந்ததை மனம் எந்தப் பெயரிட்டு வைத்திருக்கிறது என்பதும் நோயின் பாதையில் ஒரு படி என்றால், அந்தப் பெயரைச் சொல்லக் கூசும் சமூகத்தில் இணையப் படிவம் எதை அளக்கிறது: கொடுமையையா, கூச்சத்தையா?