கூட்டத்துக்கு வராத பெற்றோர்

"கூட்டம் போட்டா இருபது பேர்கூட வர்றதில்ல சார், பிள்ளைங்க மேல அக்கறையே இல்ல." இப்படிப் புலம்பாத தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அபூர்வம். நானும் புலம்பியவன்தான்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா (பெருசுகளுக்கு இன்னமும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற வருடம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வைத்தேன். அப்பாமார் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிற நேரம் அது.

ஒருநாள் பெற்றோர் அனுமதிப் படிவங்களைப் புரட்டினால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரின் தாளிலும் ஒரே கோணல் கையெழுத்து. போட்டது ஐந்தாம் ஆண்டில் படிக்கும் அக்காள். கண்டிக்கத்தான் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு கம்பெனியில நைட் ஷிப்டு ஐயா. அவங்க வர்றப்ப நாங்க வேன்ல ஏறியிருப்போம். நாங்க ஸ்கூல் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப தூங்குவாங்க. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது." நாங்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'மேற்காணும் விடயம் தொடர்பாக' என்று தொடங்கியது. எனக்கே கொட்டாவி வந்தது. மறுவாரம் முதல் கடிதத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவும் போனது, வீட்டில் பேசுகிற தமிழில்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். வாத்தியாரும் தோட்டத்திலேயே குடியிருந்த காலத்தில் பெற்றோரைக் கோயிலில், தண்ணீர்க் குழாயடியில் பார்த்துவிடலாம். தோட்டங்கள் கைமாறி, சனங்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, தினமும் வீட்டு வாசல் வரை போகிறவர் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர்தான். அவரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்க சார், கோயில் மண்டபத்துல" என்றார். பள்ளி வாசற்படி ஏறவே சிலருக்குக் கூச்சமாம். அந்த விவரம் எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் தெரியாது.

சங்கம் பள்ளி நிர்வாகத்தில் தலையிடக்கூடாது என்று 1998 விதிமுறைகள் சொல்கின்றன. சரிதான். ஆனால் அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, பந்தல் போடவும் நன்கொடை திரட்டவும் மட்டும் பெற்றோரைத் தேடுகிறோம். அதுவும் இல்லையென்றால் புகார் சொல்ல.

அந்த ஞாயிறு மண்டபத்தில் உட்கார இடமில்லை. மூன்று பிள்ளைகளின் அம்மாவும் வந்திருந்தார். வணக்கம் சொன்னதுமே, "பெரியவ என்ன தப்பு பண்ணுனா ஐயா?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. தம்பி தங்கச்சிக்கு நல்லா வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "இதுக்கா கூப்பிட்டீங்க?"